ஆம்புலன்ஸில் புதிதாக ஏறுகிறீர்களா? மனசுக்கும் ஒரு செக்லிஸ்ட்

ஷிப்ட் மாறும்போது முதலில் என்ன செய்கிறோம்? சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். சளி உறிஞ்சும் சக்ஷன் ஓடுகிறதா, அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் கிழியாமல் இருக்கிறதா, பிரசவ கிட் சீல் உடையாமல் இருக்கிறதா, கிளவுஸ் பெட்டி காலியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். வண்டி ஓட்டும் பைலட் டயரை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு வண்டியை வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பட்டியலில் விட்டுப்போவது இரண்டே இரண்டுதான்: நீங்களும் பைலட்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நூற்றியெட்டில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ டெக்னீஷியனாக) சேரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கட்டுப் போடுவதும் கழுத்துப் பட்டை மாட்டுவதும் பயிற்சியில் வந்துவிடும். வேலை உள்ளுக்குள் என்ன செய்யும், அதற்கு என்ன செய்து வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் பெரும்பாலும் டீக்கடையில்தான் தெரியவரும், அதுவும் ரொம்பத் தாமதமாக.

எது அசைக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சேரும்போது எல்லோருக்கும் இருக்கும் பயம் ரத்தம். "ஆக்சிடெண்ட்டைப் பார்த்தா மயக்கம் வந்துடுமோ?" என்று கேட்காத புதியவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் வராது. கை வேலையில் இருக்கும்போது கண் அதிகம் பார்ப்பதில்லை. நாலைந்து கேஸில் பழகிவிடும். பழகாதவை வேறு.

பேசிக்கொண்டே வரும் நோயாளி பழகுவதில்லை. வயல் வைத்திருக்கும் வீட்டில் பூச்சிமருந்தும் இருக்கும். குடித்துவிட்டு வண்டியில் ஏறும் ஆள் பல நேரம் தெளிவாகத்தான் இருப்பார். "தெரியாம பண்ணிட்டேன் சார், எப்படியாவது காப்பாத்திடுங்க" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். கேஷுவாலிட்டி வாசலில் அந்தப் பிடியை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும்.

தெரிந்த முகமும் பழகுவதில்லை. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே டூட்டி கிடைத்தால் சந்தோஷப்படுவோம். ஒருநாள் ஸ்பைன் போர்டில் கூடப் படித்தவன் கிடப்பான்.

அப்புறம் தண்ணீர். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், சில நாளில் கல்லணை தாண்டி வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எல்லாவற்றிலும் தண்ணீர் வந்துவிடும். கோடை முழுக்கக் காய்ந்த ஆற்றில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் அதே இடத்தில் குளிக்க இறங்குவார்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் காட்டாது. ஊரே தண்ணீர் வந்த குஷியில் இருக்கும் அந்த நாட்களில் நமக்கு வேறு மாதிரி அழைப்பு வரும். குழந்தை கேஸ் முடிந்த அன்று சாப்பாடு இறங்காவிட்டால் உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவருக்கும் இறங்காது.

நிற்பது இன்னொன்று. டெல்டாவில் ரயில்வே கேட் அறியாத ஆம்புலன்ஸ் கிடையாது. நான் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கேட்டில் சைரனை அணைத்துவிட்டு நின்றோம். உள்ளே நெஞ்சுவலிக்காரர். சரக்கு ரயில். நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், ஏன் என்று இன்றுவரை தெரியாது. அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தி ஒன்றாவது பெட்டியோடு எண்ணிக்கை தவறிவிட்டது. அந்த ஆளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஆனாலும் எனக்குக் கனவில் வருவது விபத்துகள் இல்லை, அந்தப் பெட்டிகள்தான். செய்ய எதுவும் இல்லாமல் பொறுப்பு மட்டும் கையில் இருக்கிற நேரம் ஆளை அரிக்கும்.

இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. ராபர்ட் காரசெக் என்பவர் 1979-இல் சொன்னது இது: வேலையின் அழுத்தம் அதிகம், வேலையின் மேல் நம் கட்டுப்பாடு குறைவு, இரண்டும் சேரும் இடத்தில்தான் மனமும் உடம்பும் அதிகம் கெடும். நம் வேலையைப் பாருங்கள். எந்தக் கேஸ், எந்த நேரம், எந்த ரோடு, எதையும் நாம் முடிவு செய்வதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தால் அது பதினான்கு மணி நேரம் ஆகும். ஆகவே உங்களுக்கு எரிச்சல் வந்தால் அதை "மனசு வீக்" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பாதிக்கு மேல் வேலையின் அமைப்பு செய்வது. இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி நம் கையில் இருப்பதைப் பற்றி. நிர்வாகம் செய்ய வேண்டியது கடைசியில் வரும், அதை விட்டுவிடாமல் படியுங்கள்.

முதல் வாரமே பைலட்டோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

வீட்டில் இருக்கும் நேரத்தைவிடப் பைலட்டோடு இருக்கும் நேரம் அதிகம். வயதில் மூத்தவராக இருந்தால் "அண்ணே" என்று கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை யார் சமாளிப்பது? நோயாளியிடம் நீங்கள் குனிந்திருக்கும்போது உங்கள் முதுகுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அவர்தான் பார்க்க வேண்டும். இதை வாய்விட்டுப் பேசி முடிவு செய்யாத ஜோடி, சிக்கலான நேரத்தில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்துவிழும்.

"கிளம்பலாம்" என்பதற்கு இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் வேண்டும். நாங்கள் "பிரஷர் மிஷின் எடுங்கண்ணே" என்போம். மிஷின் என் கழுத்திலேயே தொங்கும். அவருக்குப் புரிந்துவிடும்.

கேஸ் முடிந்ததும் அவர் எப்படிப்பட்டவர்? சிலர் பேசித் தீர்ப்பார்கள். சிலர் பாட்டுப் போடுவார்கள். சிலருக்கு அரைமணி நேரம் யாரும் பேசக் கூடாது. இது தெரியாவிட்டால் அவர் மௌனத்தை உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டு அன்று இரவு முழுக்கக் குமைவீர்கள். நான் குமைந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அவருக்கு என்ன ஓடுகிறது என்று துருவாமல் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடியத் தூங்காமல் வந்திருந்தால் அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட தகவல்.

சம்பவ இடத்தில்: அடி வாங்காமல், வாய் கொடுக்காமல்

போய் இறங்கியதும் வரும் முதல் வார்த்தை "போன் பண்ணி ஒரு மணி நேரம் ஆச்சு!" உண்மையில் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கடிகாரத்தைக் காட்டி வாதாடாதீர்கள். காத்திருந்தவருக்கு அது ஒரு மணி நேரம்தான்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி: அதிகமாகச் சத்தம் போடும் ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பது. "அண்ணே, இந்த குளுகோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடிங்க." "தம்பி, செல்போன் லைட்டை இங்க அடி." "நாலு பேர் வாங்க, ஒண்ணா தூக்கணும்." கத்திக்கொண்டிருந்தவர் அடுத்த நிமிடம் மற்றவர்களை அதட்டிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருப்பார். அவர் கோபத்துக்கு அடியில் இருந்தது கையாலாகாத தவிப்பு. வேலை கிடைத்ததும் அது அடங்கும்.

அடங்காத கூட்டமும் உண்டு. குறிப்பாகக் குடி கலந்த இடம், சாதித் தகராறு, திருவிழா. வண்டியை எப்போதும் வெளியே போகும் திசையில் நிறுத்துங்கள். ஆபத்து என்று தோன்றினால் போலீஸ் வரும்வரை தள்ளி நிற்பதில் கேவலம் எதுவும் இல்லை. மருத்துவப் பணியாளர்களையும் நிறுவனங்களையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அடிபட்டால் "சரி, துக்கத்தில் பண்ணிட்டாங்க" என்று விட்டுவிடாமல் கண்ட்ரோலுக்கு உடனே சொல்லி, எழுதியும் கொடுங்கள். கைகலப்பு வரை போகாமல் திட்டோடு நின்றாலும் எழுதுங்கள். எழுதாதது நடக்காததாகவே கணக்கில் சேரும்.

பெண் இ.எம்.டி.களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் கை படுவதும், கூட வரும் ஆள் நம்பர் கேட்பதும், உடன் வேலை பார்ப்பவரே வரம்பு மீறுவதும் "இந்த வேலைன்னா அப்படித்தான்" என்ற கணக்கில் வராது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டு, எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இனி கடினமான பகுதி. போய்ப் பார்க்கும்போது நாடி இல்லை. வீட்டில் "உசுரு இருக்கு, ஏத்துங்க" என்கிறார்கள். இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் அதிகாரம் நமக்கில்லை, அது டாக்டருடையது. பொய் நம்பிக்கையும் தரக் கூடாது. நான் சொல்வது இதுதான்: "நாடி கிடைக்கலம்மா. நெஞ்சை அழுத்திக்கிட்டே போறோம். டாக்டர் பார்த்துச் சொல்வாங்க." மூன்று சிறிய வாக்கியம், மூன்றும் உண்மை. பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற கணக்கில் அழுத்துங்கள். ஒரு விஷயத்தை எண்ணாகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வசதியான நாடுகளிலேயே, ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புவது சுமார் பத்தில் ஒருவர்தான். கை வலிக்க அழுத்தியும் போய்விட்டால், உங்கள் கை சரியில்லாததால் போனார் என்று அர்த்தமில்லை.

கேஸ் முடிந்ததும் வரும் பத்து நிமிடம்

ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். அடுத்த அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தை என்ன செய்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. பெரும்பாலோர் போனை எடுத்து ரீல்ஸ் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அதில் மனசு ஆறுவதில்லை, மரத்துத்தான் போகிறது.

நான் செய்வது: கிளவுஸைக் கழற்றிச் சரியான நிறப் பையில் போடுவேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவேன், அவசரப்படாமல். பாதி பாட்டில் தண்ணீர் குடிப்பேன். பைலட் தரையைத் துடைக்க, நான் ஸ்ட்ரெச்சரைத் துடைப்பேன். துடைக்கும்போதே என்ன நடந்தது என்று வரிசையாகப் பேசிக்கொள்வோம்: போனோம், இப்படி இருந்தார், இதைச் செய்தோம், இங்கே விட்டோம். யாரும் "எப்படி ஃபீல் பண்றீங்க" என்று கேட்பதில்லை. நடந்தது மட்டும். ஸ்ட்ரெச்சரில் புது விரிப்பு மடிப்பில்லாமல் விழும்போது அந்தக் கேஸ் ஓரளவுக்கு முடிந்திருக்கும்.

ஊசி குத்திவிட்டதா? அப்படியானால் இந்த வரிசையெல்லாம் இல்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், நேராக டூட்டி டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் கிடைக்கும். வெட்கப்பட்டோ பயந்தோ மறைத்தவர்கள் அடுத்த பல வாரம் படும் பாடு, குத்திய ஊசியைவிடக் கொடுமை.

முடிவு தெரியாத கதைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் வேலையின் விசித்திரம், எல்லாக் கதையிலும் நடுப்பக்கம் மட்டும் நம்மிடம் இருப்பது. ஒருமுறை விடிகாலையில் குத்தாலம் பக்கம் ஒரு கேஸ். வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தவர். வயிற்று வலி என்று எழுந்தார், இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது. கட்டுவிரியன். கடித்த இடம் வலிப்பதில்லை, தடமும் சரியாகத் தெரிவதில்லை. பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஒப்படைக்கும்போது அவர் உடம்பில் ஒரு அசைவு இல்லை. போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் அந்த ஊர்ப் பக்கம் போனாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பிறகு தற்செயலாக அதே வார்டு நர்ஸைப் பார்த்தபோது கேட்டேன். "அவரா? ஊசி போட்டு, வெண்டிலேட்டர்ல வச்சு, நடந்தே வீட்டுக்குப் போயிட்டாரு, உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று வாரம் வீண். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மனதை உறுத்தும் கேஸ் என்றால், அடுத்த முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரே ஒரு தடவை விசாரிப்பேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, கேட்டதும் அந்தப் பக்கம் மூடிவிடும். எல்லாக் கேஸுக்கும் கேட்கப் போகாதீர்கள், அது வேறு நோய். நோயாளியின் வீட்டுக்கு நேரே போய்ப் பார்ப்பதும் வேண்டாம்.

வீட்டு வாசலில்

நம் பக்கத்தில் சாவுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். தீட்டு என்று நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு புத்தி இருக்கிறது. துக்க வீட்டில் ஒப்பாரி வைத்து அழ இடம் உண்டு, பறை உண்டு, மூன்றாம் நாள் பால் உண்டு. பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அன்றாடத்துக்குத் திரும்புகிறோம். நாம் வாரத்துக்கு எத்தனையோ துக்கத்தைத் தொடுகிறோம், ஒன்றுக்கும் அழ இடமில்லை. அதனால் அந்தக் குளியலையாவது எடுத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்மைத் தனி வாளியில் ஊறப்போட்டு, கொல்லைப்புறக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனால், உள்ளே போவது அப்பாவாகவோ மகளாகவோ இருக்கும்.

வீட்டில் எவ்வளவு சொல்வது? எல்லாவற்றையும் சொன்னால் அவர்களுக்குத் தூக்கம் போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் நீங்கள் ஏன் மகனை அதட்டுகிறீர்கள் என்று புரியாது. "இன்னிக்கு மோசமான கேஸ். கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்" என்ற அளவு போதும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். காலை ஏழுக்கு எழுந்தவர் பகலில் தூங்காமல் இரவு எட்டு மணி டூட்டிக்கு வந்தால், மறுநாள் காலை எட்டுக்கு அவர் 25 மணி நேரம் விழித்திருப்பார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே தடுமாற்றம் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பதற்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் 30 மி.கி. தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே இரவு டூட்டி அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். டூட்டியில் அழைப்பில்லாத நேரம் இருபது நிமிடம் பைலட்டைத் தூங்கவிட்டு நீங்கள் போனைக் கவனியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் கண் சொருகினால் பைக்கை ஆம்புலன்ஸ் நிற்கும் பேஸிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேரைக் கொண்டுபோனவர், வீடு திரும்பும் வழியில் கேஸாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

புயல், வெள்ளம் வரும்போது

2018 நவம்பர் 16 விடியலில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. தென்னைகள் சாலை முழுக்கப் படுத்துக் கிடந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டூட்டியில் இருந்தவர்கள் பலருக்குச் சொந்த வீட்டுக் கூரை இருக்கிறதா என்றே தெரியாது. அக்டோபர் பிறந்ததுமே ஒரு காரியம் செய்து வையுங்கள்: புயல் என்றால் வீட்டில் உள்ளவர்கள் எங்கே போவார்கள், யார் கூட்டிப் போவார்கள், டவர் இல்லாவிட்டால் உங்களுக்கு எப்படிச் செய்தி வரும் என்று பேசி முடிவு செய்யுங்கள். வீடு பத்திரம் என்று தெரிந்தவர் களத்தில் இரண்டு மடங்கு வேலை செய்வார்.

எத்தனை நாள் வரை சரி?

மோசமான கேஸுக்குப் பிறகு சில நாள் தூக்கம் கெடுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது, சைரன் கேட்டால் நெஞ்சு படபடப்பது எல்லாம் உடம்பின் இயல்பான வேலை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது அந்த ரோட்டையே தவிர்க்க லீவு போட ஆரம்பித்தால், டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இன்னொரு வகை மெதுவாக வரும். ஒரே ஒரு கேஸ் காரணமாக இருக்காது. எப்போதும் அசதி, நோயாளியை "அந்த பாய்சன் கேஸ்" என்று பொருளைப் போலப் பேசுவது, என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் வேலைச் சோர்வு என்று வகைப்படுத்தியிருக்கிறது, வேலையிலிருந்து வரும் பிரச்சினை என்றே. இரண்டு நாள் லீவில் இது போகாது. ஷிப்டும் ஓய்வும் மாற வேண்டும்.

டூட்டி முடிந்ததும் டாஸ்மாக் என்பது நம் தொழிலில் சகஜம். உபதேசம் செய்ய வரவில்லை. தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று மட்டும் கவனியுங்கள். குடித்து வரும் தூக்கம் நடுராத்திரியில் உடையும், கனவுகளோடு.

பெரிய சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து "மனசில் உள்ளதைக் கொட்டுங்கள்" என்று ஒரே கூட்டமாக நடத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்கு மோசமாக்கவும் கூடும் என்று தெரிந்ததால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புபவர் பேசட்டும். விரும்பாதவருக்குச் சோறும் தூக்கமும் கூட ஒரு ஆளும் போதும்.

உதவிக்கு 14416. டெலி மானஸ் என்ற இந்த இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மாநிலத்தின் 104-லும் ஆலோசனை உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், நான் அப்படித்தான் போனேன். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். கூட வேலை பார்ப்பவர் மேல் சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை

யோகா வகுப்பு நல்லதுதான். ஆனால் பதினான்கு மணி நேர டூட்டிக்கு யோகா மருந்தாகாது. வேலையால் வரும் மனப் பாதிப்பைக் கையாள ஐ.எஸ்.ஓ. 45003 என்று 2021-இல் வந்த உலக அளவிலான வழிகாட்டியே முதலில் வேலை அமைப்பைத்தான் சரி செய்யச் சொல்கிறது. நாம் கேட்பது ஆடம்பரம் இல்லை: குழந்தை இறந்த கேஸுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது வண்டியை அழைப்பில்லாமல் வைப்பது, தொடர்ந்து இத்தனை இரவுக்கு மேல் இல்லை என்ற வரம்பு, பேஸில் படுக்க இடமும் பூட்டக்கூடிய கழிப்பறையும், தாக்குதல் நடந்தால் புகார் கொடுக்கக் கூட வரும் அதிகாரி.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கழிப்பறைக்காக ஏழு மாதம் கேட்டோம். வாயால் கேட்ட ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எழுதி, இரண்டு ஷிப்டும் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொண்ட ஏழாவது மாதம் கதவு வந்தது. தாழ்ப்பாள் மட்டும் நாங்களே வாங்கிப் போட்டோம்.

பையில் என்ன வைப்பது

மாற்றுச் சட்டை ஒன்று, பிளாஸ்டிக் கவரில். சோப்பு, துண்டு. இரண்டு லிட்டர் தண்ணீர். நேரம் தவறினாலும் கெடாத சாப்பாடு, புளிச்சோறு உத்தமம். கடலை மிட்டாய் நாலைந்து, அழும் குழந்தைக்கும் ஆகும், உங்களுக்கும் ஆகும். ஒரு சின்ன நோட்டு. அதில் கேஸ் விவரமோ பெயரோ எழுதக் கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம். எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை மணி நேரம் டூட்டி, இன்று எப்படி, இவ்வளவு மட்டும். மழைக்காலம் என்றால் ரப்பர் செருப்பும் ஒரு டார்ச்சும். பேட்டரியைப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.